ஊரின் நோய்க் கணக்கு யாரிடம் இருக்கிறது?

ஒரு ஊருக்கு முதலில் வேண்டியது எது? மருத்துவரா, நல்ல தண்ணீரா, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடா? கிராம சபையில் இந்தக் கேள்வி எழுந்தால், குரல் பெரிதாக உள்ளவர் சொல்வதே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. சுகாதாரம் என்ற தலைப்பில் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசுவோம், குப்பை வண்டியைப் பற்றிப் பேசுவோம், கூட்டம் கலைந்துவிடும். எத்தனை கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை, எத்தனை பேருக்குச் சர்க்கரை, போன வருடம் ஊரில் நடந்த சாவுகளில் எத்தனை அகாலச் சாவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல ஆள் இல்லை.

ரெட்டியார்சத்திரம் பக்கத்து இளைஞர்கள் சிலர், “கணக்கு எங்கயாச்சும் இருக்கத்தானே செய்யும்? எங்க போய்க் கேக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே” என்றார்கள். அந்தக் கணக்கைத் தேடி, திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் நேரில் சென்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கணக்கு இருக்கிறது. அதில் பெரும்பகுதியை யாரும் பார்க்கலாம். ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை.

மாவட்டம் ஒன்று, எல்லைகள் பல

தொடங்க வேண்டிய இடம் கலெக்டர் அலுவலகம். பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் மாவட்டக் கையேடு அங்கே கிடைக்கும். மக்கள்தொகை, மழையளவு, மருத்துவமனைகள், படுக்கைகள், பள்ளிகள் எல்லாம் ஒன்றிய வாரியாக அதில் உண்டு. அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் மாவட்டக் கையேடு. இது இணையத்திலும் கிடைக்கிறது. அதன் கிராம விவரப் பட்டியல் பலரும் புரட்டாத பகுதி. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு வரி. ஆரம்ப சுகாதார நிலையம் ஊரிலேயே இருந்தால் எண்ணிக்கை போட்டிருக்கும். இல்லையென்றால் மிக அருகில் உள்ளது எவ்வளவு தொலைவு என்பதற்கு ஒரு குறியீட்டு எழுத்து: ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் ஓர் எழுத்து, ஐந்து முதல் பத்துக்குள் என்றால் இன்னொன்று, பத்துக்கு மேல் என்றால் மூன்றாவது. குடிநீர் குழாயில் வருகிறதா, மூடிய கிணறா, திறந்த கிணறா, அடிகுழாயா என்பதும் அதே வரியில் இருக்கும். ஒரு ஊரை அதன் பக்கத்து ஊரோடு ஒப்பிட அந்த ஒரு வரி போதும்.

ஒரு குறை உண்டு. அந்தக் கணக்கு 2011-இல் எடுத்தது. அன்று மாவட்டத்தின் மக்கள்தொகை 21,59,775. நகரத்தில் 2,07,327 பேர். 2014-இல் திண்டுக்கல் மாநகராட்சியானது. ஊர் வளர்ந்தது, புறநகர் பெருகியது, ஆனால் எண் அப்படியே நிற்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரிக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை நூற்றுக்கு இத்தனை, ஆயிரத்துக்கு இத்தனை என்று எதைச் சொன்னாலும், அந்த நூறையும் ஆயிரத்தையும் எங்கிருந்து எடுத்தோம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சிக்கல் எல்லை. வருவாய்த் துறைக்குத் திண்டுக்கல் ஒரே மாவட்டம். ஊரக வளர்ச்சித் துறைக்கு 14 ஒன்றியங்கள், 306 ஊராட்சிகள். சுகாதாரத் துறையோ இதே நிலப்பரப்பைத் திண்டுக்கல், பழநி என இரண்டு சுகாதார மாவட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கு வருவாய்க் கிராமத்தின்படி. திட்டப் பணம் ஊராட்சியின்படி. மருத்துவக் கணக்கு துணை சுகாதார நிலையத்தின்படி. ஒரு துணை நிலையத்தின் கீழ் இரண்டு ஊராட்சிகள் வரலாம், ஒரே ஊராட்சியின் குக்கிராமங்கள் இரண்டு நிலையங்களில் சேரலாம். இதைக் கவனிக்காமல் ஒரு தாளின் எண்ணை இன்னொரு தாளின் எண்ணால் வகுத்தால், விடை பார்க்க நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஆகவே எந்தக் கணக்கைத் தேடுவதற்கும் முன்னால், உங்கள் ஊர் எந்தத் துணை நிலையத்தில், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்தச் சுகாதார மாவட்டத்தில் சேர்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி சொல்வதும் சொல்லாததும்

பத்திரிகைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது தேசியக் குடும்ப நல ஆய்வு. அதன் ஐந்தாம் சுற்று 2019–21-இல் நடந்தது. தமிழ்நாட்டில் 2020 ஜனவரியில் தொடங்கி, பொதுமுடக்கத்தால் நின்று, டிசம்பரில் மீண்டும் தொடங்கி 2021 மார்ச்சில் முடிந்தது. மாவட்ட வாரியாக 104 குறியீடுகள் கொண்ட தகவல் தாள் இணையத்தில் இருக்கிறது. யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

மாநில அளவில் அது காட்டும் படம் யோசிக்க வைக்கிறது. பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடக்கின்றன. இது பெரும் சாதனை. ஆனால் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆஸ்பத்திரி வாசல் வரை பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், அவள் தட்டில் சேர வேண்டியதைச் சேர்க்கவில்லை என்பதுதான் இதன் பொருள்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு “எங்கள் ஒன்றியத்தில் இத்தனை சதவீதம்” என்று பேச முடியாது. மாநிலம் முழுவதும் ஆய்வு செய்தது 27,929 குடும்பங்களை. அப்போதைய 32 மாவட்டங்களுக்கு வகுத்தால் மாவட்டத்துக்கு ஏறக்குறைய 870 குடும்பங்கள். மாவட்டத்தின் போக்கைச் சொல்ல இது போதும், ஓர் ஒன்றியத்தின் நிலையைச் சொல்லப் போதாது. இன்னொன்று, இந்த ஆய்வு வீடுகளுக்குத்தான் போகிறது, விடுதிகளுக்குப் போவதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்கள் இதில் வரமாட்டார்கள். ரத்தசோகையை முதலில் தேட வேண்டிய இடங்களில் ஒன்று அது. எந்தத் தாளை எடுத்தாலும், இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

நோய்ப் பரவலுக்கு வேறு தாள். 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம், நாடு முழுவதும் எங்கே எந்த நோய் கொத்தாகப் பரவியது என்ற வாராந்தரப் பட்டியலை வெளியிடுகிறது. மாவட்டம், நோய், பாதிக்கப்பட்டோர், தொடங்கிய தேதி, எடுத்த நடவடிக்கை எல்லாம் அதில் இருக்கும். இதற்கான தகவல் மூன்று படிவங்களில் மேலே போகிறது: அறிகுறியைப் பார்த்துக் களப்பணியாளர் எழுதுவது ஒன்று, நோய் இன்னதாக இருக்கலாம் என மருத்துவர் எழுதுவது இரண்டாவது, ஆய்வகம் உறுதி செய்வது மூன்றாவது. வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வந்தன என்று பழைய வாரங்களைப் புரட்டிப் பார்த்தால், குடிநீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கும் என்று ஊகிக்கவும் முடியும்.

நர்ஸம்மாவின் பதிவேடு

திண்டுக்கல்லிலிருந்து மதுரை சாலையில் சின்னாளபட்டியை நெருங்கும்போது காந்திகிராமம் வரும். டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. மருத்துவரான சௌந்தரம் 1952-இல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனவர். 1959-இல் இங்கே ஆத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாகப் பிறப்பையும் இறப்பையும் எழுதி, குடும்ப நலப் பணி பலன் தருகிறதா என்று எண்ணிக்கையோடு பார்த்த முயற்சி அது. 1964-இல் அது ஊரக சுகாதாரம் மற்றும் குடும்ப நல நிறுவனமாக வளர்ந்தது. கிராமத்து நர்ஸ் கையில் பதிவேட்டோடு வீடு ஏறும் பழக்கத்துக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு.

அதே ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். முன்னறைச் சுவரில் பலகை: எல்லைக்குட்பட்ட ஊர்கள், மக்கள்தொகை, தகுதியுள்ள தம்பதிகள், எதிர்பார்க்கும் கர்ப்பிணிகள், எதிர்பார்க்கும் பிரசவங்கள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள். பக்கத்தில் கையால் வரைந்த ஊர் வரைபடம். குடிநீர்த் தொட்டி, பள்ளி, அங்கன்வாடி எல்லாம் குறித்திருந்தது.

“இந்தப் பலகைய ஊர்க்காரங்க யாராச்சும் படிக்கிறாங்களா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“ஆடிட்டுக்கு வர்றவுங்க படிப்பாங்க சார். ஊர்ல யாரும் கேட்டதில்ல. கேட்டா சொல்ல மாட்டேன்னா சொல்லப்போறேன்? ஒவ்வொருத்தர் பேரும் கேட்டாத்தான் சொல்ல முடியாது. மொத்தம் எத்தனைன்னு தாராளமாச் சொல்லலாம்” என்றார் கிராம சுகாதார செவிலியர்.

தாய்மார் பதிவேட்டைத் திறந்து, பெயர்கள் உள்ள பக்கத்தை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு கட்டங்களை மட்டும் காட்டினார். கர்ப்பம் பதிவான வாரம், எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஸ்கேன் தேதி, எதிர்பார்க்கும் பிரசவத் தேதி. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஏழுக்குக் கீழே போனால் ஆபத்து. சிக்கலான தாய்மாருக்குச் சிவப்பு மையில் குறி. இதே விவரங்கள் பிக்மி என்ற தமிழ்நாட்டின் கர்ப்பிணிப் பதிவு மென்பொருளில் ஏறுகின்றன. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். அதனால் பதிவாகாத கர்ப்பம் இங்கே அரிது.

இந்தக் கட்டங்களின் கூட்டுத்தொகைதான் மாதந்தோறும் மேலே போய், 2008-இல் தொடங்கிய மத்திய அரசின் எச்.எம்.ஐ.எஸ். என்ற சுகாதாரத் தகவல் தளத்தில் சேர்கிறது. எத்தனை கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பரிசோதித்தார்கள், எத்தனை பேருக்கு 11-க்குக் கீழே, எத்தனை பேருக்கு ஏழுக்குக் கீழே என்று மாவட்ட அறிக்கைகளில் பார்க்கலாம். குடும்ப நல ஆய்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் மாதிரி. இதுவோ மாதாமாதம் வரும் கணக்கு. ஆனால் இது வந்தவர்களின் கணக்கு. நிலையத்துக்கு வராதவர் இதில் இல்லை. தனியார் மருத்துவமனைக்குப் போனவரின் விவரமும் முழுமையாகச் சேர்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்த இடத்தில் மக்கள் விடுபடுகிறார்கள் என்று புலப்படும்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வந்த பிறகு, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் பட்டியலும் இதே நிலையத்தில் சேர்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு மாநிலம் நடத்திய தொற்றா நோய் ஆய்வில், வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். ஆகவே ஊர் கேட்க வேண்டியது “எத்தனை பேருக்கு மாத்திரை தருகிறீர்கள்?” என்பது மட்டுமல்ல. “எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்திருக்கிறது?” என்பதுதான் முக்கியமான கேள்வி.

அங்கன்வாடி அடுத்த தெருவில். ஊழியரிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ச்சி அட்டை. மாதந்தோறும் எடை வைத்துப் புள்ளி போட்டு இணைத்திருக்கிறார். ஒரு பிள்ளையின் கோடு பச்சைப் பட்டையில் ஏறிக்கொண்டே வந்து, இரண்டு மாதம் படுத்து, மஞ்சளுக்குள் இறங்கியிருந்தது. “காச்சல்ல கெடந்துச்சு. அதுக்கப்புறம் அம்மா பூப் பறிக்கப் போயிட்டாங்க, பாட்டிதான் பாத்துக்கிருச்சு. இப்ப மாவு தனியாக் குடுக்கிறோம், ஏறிரும்” என்றார். மாவட்டத் தாளில் ஒரு சதவீதமாகத் தெரிவது இங்கே ஒரு காய்ச்சலாக, ஒரு கூலி வேலையாகத் தெரிகிறது. தேவையை மதிப்பிட எண்ணும் வேண்டும், அதன் காரணத்தை அறிந்த இந்த வாயும் வேண்டும்.

சாவின் காரணம்

பிறப்பும் இறப்பும் பதிவது 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி. கிராமத்தில் பதிவாளர் வி.ஏ.ஓ., மாநகராட்சியில் அதற்கான ஆய்வாளர். 21 நாளுக்குள் கட்டணமில்லை. மருத்துவமனையில் இறந்தால் மருத்துவர் காரணத்தைச் சான்றளிக்கிறார். வீட்டில் இறந்தால் பல நேரம் குடும்பத்தார் சொன்னதுதான் எழுதப்படுகிறது: வயோதிகம், மாரடைப்பு, திடீர் மரணம். நாற்பத்தைந்து வயதுக்காரர் “மாரடைப்பு” என்று போனால் அது இதயமா, சிறுநீரகமா, பூச்சிமருந்தா என்று பதிவேட்டிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனாலும் வயது பொய் சொல்வதில்லை. ஓர் ஊரில் ஐந்தாண்டில் இறந்தவர்களை வயதுவாரியாக எண்ணி, அறுபதுக்குள் போனவர்கள் எத்தனை, அதில் ஆண்கள் எத்தனை என்று பார்த்தாலே, குடியும் சாலை விபத்தும் சர்க்கரையும் அந்த ஊரை எப்படித் தின்கின்றன என்று விசாரிக்க வழி கிடைக்கும். தனி ஒருவரின் இறப்புப் பதிவு நகலில் காரணத்தை வெளியிடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அது சரியானது. நாம் கேட்க வேண்டியது பெயரில்லாத மொத்தக் கணக்கை. மிகச் சின்ன ஊரில் அதிலும் கவனம் வேண்டும். “காசநோய் இருவருக்கு” என்று கிராம சபையில் வாசித்தால் அந்த இருவர் யாரென்று ஊரே விரல் நீட்டும். அப்படிப்பட்ட எண்ணை ஒன்றிய அளவில்தான் பேச வேண்டும்.

467 கிணறுகள்

திண்டுக்கல்லுக்குப் பூட்டால் வந்த பெயர் பாதி என்றால், தோலால் வந்த பெயர் மீதி. நகரின் ஓரத்திலும் பொன்மாந்துறை புதுப்பட்டிப் பக்கத்திலும் தோல் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. அந்தத் தண்ணீர் உப்பும் குரோமியமும் சுமந்து ஓடைக்குப் போய், கொடகனாற்றுப் படுகையின் நிலத்தடியில் இறங்கியது.

இந்தப் பகுதியில் நடந்தபோது கைவிட்ட கிணறுகளைப் பார்த்தேன். ஒன்றில் கமலைக்கல் இன்னும் இருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. வாளி இறக்க ஆளில்லை. “மாடு கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிரும்” என்றார் அருகில் ஆடு மேய்த்த பெரியவர்.

இந்த இடத்தில்தான் திண்டுக்கல் வரலாற்றின் ஓர் எண் நமக்குப் பாடமாகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று சொன்ன தீர்ப்பு அது. அதில் பீஸ் மெம்பர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு இடம்பெற்றிருக்கிறது: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு வசதிக்குக் கெடு வைத்தது நீதிமன்றம்.

அந்தக் கிணறுகளை எண்ணியவர்கள் கிணற்று மேட்டுக்கு நேரில் போனவர்கள். “எங்கள் தண்ணீர் கெட்டுவிட்டது” என்று பல ஆண்டுகளாக ஊர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 467-இல் 350 என்று ஆனபோது அது டெல்லியில் தீர்ப்பின் வரியாயிற்று.

இன்று தண்ணீர்க் கணக்கைத் தேடுவது அன்றைவிட எளிது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் தளத்தில் ஊர்வாரியாக எத்தனை வீட்டுக்குக் குழாய் இணைப்பு, எந்தத் தேதியில் நீர் மாதிரி எடுத்தார்கள், முடிவு என்ன என்று பார்க்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகங்கள் உண்டு. ஊரிலேயே சோதிக்கக் களப் பரிசோதனைப் பெட்டியும் பயிற்சி பெற்ற பெண்களும் இருக்க வேண்டும். முடிவைப் படிக்க இரண்டு அளவுகளை மனதில் வைத்தால் போதும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை தாங்கலாம். ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக்கூடாது. நிலக்கோட்டைப் பக்கம் பிள்ளைகளின் பற்களில் கறை படிவதற்கும் நீரிலுள்ள ஃபுளோரைடுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வுகள் வெளியாகியுள்ளன. பள்ளி மருத்துவ முகாமில் பல்லைப் பார்த்து எழுதிய தாளையும் நீர் ஆய்வுத் தாளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை எந்தத் துறைக்கும் தனியாக ஒப்படைக்கப்படவில்லை. ஊர்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

அம்பிளிக்கை காட்டிய வழி

ஒட்டன்சத்திரத்தை ஒட்டிய அம்பிளிக்கைக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் முருங்கையும் காய்கறித் தோட்டமும். இங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையம் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்த ஓர் ஆய்வை நடத்தியது. இங்கே பலருக்கு அது தெரியாது.

2000-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தின் 114 ஊராட்சிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 57-இல் 30 முதல் 59 வயதுவரையான பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. மற்ற 57-இல் வழக்கமான மருத்துவ வசதி. பரிசோதனையில் விலை உயர்ந்த கருவி ஏதும் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடம் உண்டா என்று கண்ணால் பார்ப்பார். உண்டென்றால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சை. அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்தன.

மரணம் குறைந்தது என்று எப்படித் தெரிந்தது? மாவட்டம் முழுவதும் யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று எழுதும் பதிவேடு இருந்ததால் தெரிந்தது. அதுதான் திண்டுக்கல் அம்பிளிக்கை புற்றுநோய்ப் பதிவேடு. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் துணை நின்றன. இப்படிப்பட்ட பதிவேடு நோயாளி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. அதன் ஊழியர்கள் மருத்துவமனை, ஆய்வகம், இறப்புப் பதிவு எனத் தேடிப் போய் எழுதுவார்கள்.

2003–06 ஆண்டுகளின் கணக்கில் இந்த மாவட்டத்துப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது, மார்பகம் அதற்கு அடுத்து. ஆண்களில் வயிறு முதலிடம், வாய் இரண்டாமிடம். சென்னையில் அப்போதே பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் முந்திக்கொண்டிருந்தது. சென்னையின் எண்ணை எடுத்து இங்கே திட்டம் போட்டிருந்தால், இந்தச் சமவெளிப் பெண்ணுக்கு முதலில் வேண்டியதை விட்டுவிட்டு இரண்டாவதைக் கொடுத்திருப்போம். உள்ளூர்க் கணக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஊர் செய்ய வேண்டியது

13 கிராமங்களின் கிணறுகள், ஆத்தூரின் பிறப்புகள், அம்பிளிக்கையின் புற்றுநோய்கள் மூன்றிலும், யாரோ தேடிப் போய் எண்ணினார்கள். எண்ணியதைச் செயலோடு இணைத்தார்கள். இன்று எண்ணும் வேலையில் பெரும்பங்கை அரசே செய்துவிடுகிறது. சேர்த்துப் படிக்கும் வேலைதான் மிச்சம். அதை ஊர் செய்யாவிட்டால், ஊருக்கு என்ன வேண்டும் என்பதை ஊரைப் பார்க்காதவர்கள் முடிவு செய்வார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் ஊரின் எல்லைகள், எந்தத் துணை நிலையம், எந்த ஒன்றியம் என்பது. அடுத்த பக்கங்களில் துணை நிலையத்திலிருந்து கர்ப்பிணிகள், ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றின் மொத்த எண்கள். அங்கன்வாடியிலிருந்து எடை குறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை. வி.ஏ.ஓ. பதிவிலிருந்து ஐந்தாண்டு இறப்புகள், வயதுவாரியாக. ஜல் ஜீவன் தளத்திலிருந்து கடைசி நீர் ஆய்வு. இவற்றின் பக்கத்தில் மாவட்டத் தாளின் எண்ணை எழுதி ஒப்பிடுங்கள். எங்கே ஊரின் எண் மாவட்டத்தைவிட மோசமாக இருக்கிறதோ, அங்கே வீடு வீடாகப் போய்க் காரணம் கேளுங்கள். விடுதியிலும் செங்கல் சூளையிலும் தங்கியிருப்பவர்களைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

கேட்டும் கிடைக்காத மொத்தக் கணக்குக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். நான் பார்த்தவரை, பதிவேடு வைத்திருப்பவர்கள் பலரும் யாராவது அதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடி ஊழியரையும் மேடைக்கு அழைத்து, ஊரின் மொத்தக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் அதே எண்களை மறுபடி வாசிக்கக் கேளுங்கள்.